ஸ்கால்விக் கரி இன்ஜின் களவு

ஒரு தேசத்தின் ரயில் களவு போவது அந்தத் தேசத்தின் முதுகெலும்பை உருவிக்கொண்டு போவதற்குச் சமம் என்று தொலைபேசியில் முழங்கினார் தோர்கில்ட். டென்மார்க்கில் தண்டவாளம் போட்ட நாளிலிருந்து இப்படியோர் அக்கிரமம் நடந்ததில்லை என்றும், வரலாறு இந்தச் சனிக்கிழமையை மன்னிக்கவே மன்னிக்காது என்றும் சொன்னார்.

மறுமுனையில் போலீஸ் அதிகாரி டாக்மார் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நீளமான ரயிலுங்க?"

தோர்கில்டின் குரல் இறங்கியது. "முழங்கையிலேர்ந்து விரல் நுனி வரைக்கும்."

"எதுல செஞ்சது?"

"பொம்மைக் கட்டையில. ஒண்ணு மேல ஒண்ணு அழுத்திச் சேர்க்கிற பிளாஸ்டிக் கட்டை," என்றார் தோர்கில்ட்.

டாக்மாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். "யெப்பெ கட்டின இன்ஜினா?"

"அதேதான். ரந்தி இன்னும் வரலை. அவங்க வர்றதுக்குள்ள வாங்க."

ரொட்டியைக் கடிக்காமலே எழுந்தாள் டாக்மார்.

ரந்தியும் அவளும் பள்ளியில் ஒரே ஹேண்ட்பால் அணி. ரந்திக்கும் ஈவருக்கும் ஒரே பிள்ளை யெப்பெ. ரத்தத்தில் வந்த நோய். படுக்கையில் சாய்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு அவன் கடைசியாகக் கட்டி முடித்தது பழைய காலத்துக் கரி இன்ஜின் ஒன்று. கறுப்பு உடம்பு, புகைபோக்கியைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, பின்னால் குட்டையாக ஒரு கரி வண்டி, அதற்கடியில் மோட்டார். வீட்டில் தண்டவாளம் விரித்து ஓட்டிப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. இலையுதிர்கால விடுமுறையில் ஸ்கால்விக் ஊர் விளையாட்டரங்கில் நடக்கும் கண்காட்சியில் ஓட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான். பிப்ரவரியில் போய்விட்டான். இருபது நிறையவில்லை.

"நான் ஓட்டுறேன்டா," என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள் ரந்தி. கல்லறைக்குப் போய்வருவதைத் தவிர அவள் வெளியே தலைகாட்டி எட்டு மாதம் ஆகிறது. இன்று வருவதாக இருந்தது. திறப்பு விழாவில் அவள் விசையைத் திருப்ப, யெப்பெயின் இன்ஜின் கிளம்ப வேண்டும்.

டாக்மார் அரங்கில் கால் வைத்தபோது வரலாறு மன்னிக்காத அந்தக் காலையைப் பற்றித் தோர்கில்ட் பெஞ்சின் மீது ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார். மேற்கு ஜட்லாந்து கட்டை ரயில் கழகத்தில் மொத்தம் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் பொறுப்பாளர்கள். தலைவர் தோர்கில்ட். ஏலத்தில் எடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியும் கழுத்தில் விசிலுமாகத்தான் இருப்பார். வாழ்நாள் முழுக்கக் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர். நிஜ ரயிலில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். எங்கே போனாலும் காரில்தான்.

"இந்தக் கறுப்பு விடியலில், நண்பர்களே, நம் இதயத் தண்டவாளங்கள் பெயர்ந்து கிடக்கின்றன. ஆயினும் ஸ்கால்விக்கின் நீராவி ஒருநாளும் அடங்காது!"

தடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, சரியான இடத்தில் தொண்டை கம்ம, அருவி மாதிரி கொட்டினார். டாக்மாருக்கு ஆச்சரியமாக இருந்தது. இதே மனிதர் மாமியாரின் இரங்கல் கூட்டத்தில் "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்ல முடியாமல் திக்கி, மனைவி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்ததை ஊரே பார்த்திருக்கிறது. கண்ணாடி முன் மூன்று முறை ஒத்திகை பார்க்காமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் முழுசாக வந்ததில்லை.

அவருக்குப் பின்னால் கழகத்தின் பெரிய பதாகை. கழகத்தின் மூன்று கட்டளைகள் அதில் தங்க எழுத்தில் இருந்தன: வெட்டாதே. வண்ணம் பூசாதே. ஒட்டாதே. பத்துக் கட்டளை கொண்டுவந்த மோசேகூட இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்க மாட்டார்.

ஹேண்ட்பால் மைதானம் முழுக்க மேசைகள். மேசைகள் முழுக்கக் கட்டைகளால் ஆன ஊர்கள், துறைமுகங்கள், மாட்டுப் பண்ணைகள். நடுவில் ஒரு மலை. டென்மார்க்கில் மலை கிடையாது. அந்தக் குறையைத் தோர்கில்ட் ஆறு வருடம் உழைத்துத் தனியாளாகப் போக்கியிருந்தார். மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை. துக்கத்தின் அடையாளமாக எல்லா ஸ்டேஷன்களிலும் பல்குச்சிக் கொடிகள் அரைக்கம்பத்தில் இருந்தன. சுரங்கத்தின் இரண்டு வாய்களும் கறுப்பு ரிப்பன் கட்டி மூடப்பட்டிருந்தன.

மலைக்கு எதிரே மையநிலையம். இன்ஜின் நின்ற இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி மட்டும் இருந்தது.

"யார் முதல்ல பார்த்தது?"

காபி மேசை எடெல் கையைத் தூக்கினாள். "நான்தான். அரங்கைத் திறந்து, காபி போட்டுட்டு, யெப்பெக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்னு போனேன். மூடி இருக்கு, வண்டி இல்லை."

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு, தலைவர்கிட்ட ஒண்ணு. அதெல்லாம் ஒரு பேச்சா? உடைமாத்துற அறைப் பின்கதவு தோளால ஒரு இடி இடிச்சா திறக்கும். உனக்குத் தெரியாதா?"

டாக்மாருக்குத் தெரியும். பதினாறு வயதில் அவளும் ரந்தியும் இடித்திருக்கிறார்கள்.

"நேத்து கடைசியா போனது?"

"எப்பவும் தலைவர்தான். ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனியா குட் நைட் சொல்லணுமே மனுஷன்."

தோர்கில்ட் அதற்குள் பெஞ்சிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "இங்க விசாரிச்சு என்ன ஆகப்போகுது? குற்றவாளி அதோ நிக்கிறான். சிரிப்பைப் பாருங்க."

சுவரோரம் நின்றிருந்தான் பால்லே. பழைய கட்டைகளை வாங்கி விற்பவன். அவன் முன்னால் தொட்டி தொட்டியாக உதிரிக் கட்டைகள். கண்காட்சிக்குக் கண்காட்சி வேனிலேயே படுத்துத் தூங்குவான். முந்தின இரவும் அந்தப் பின்கதவுக்குப் பக்கத்தில்தான் வேனை நிறுத்தியிருந்தான்.

"அந்த இன்ஜினோட பெரிய சிவப்புச் சக்கரத்தை நேத்து விலைக்குக் கேட்டியாமே?" என்றாள் டாக்மார்.

"கேட்டேன். ஈவர் முறைச்சான். சரிப்பான்னு வந்துட்டேன். அந்தச் சக்கரம் இப்ப எங்கயும் கிடைக்காது. கேக்கிறது குத்தமா?"

"எடுக்கிறது குத்தம்."

"இங்க பாருங்க போலீஸ்காரம்மா." பால்லே ஒரு பெரிய சல்லடைக் கரண்டியால் தொட்டியைக் கிளறினான். கடல் இரைகிற மாதிரி சத்தம். "நான் எடுத்திருந்தா கால் மணி நேரம் போதும். பிரிச்சு, கறுப்பை எல்லாம் இதுல கொட்டியிருப்பேன், சிவப்பை அதுல. அப்புறம் கடவுளே வந்து தேடினாலும் கிடைக்காது. இந்தத் தொழில்ல இருக்கிற எவனும் அதைத்தான் செய்வான். நம்ம தலைவர் மாதிரி முதுகெலும்பு, இதயம்னு பேசுறவர் வேணா கட்டிப்பிடிச்சுட்டு அழுவாரு."

"நாக்கை அடக்குடா!"

"அடக்குறேன் தலைவரே. உங்க விசிலைக் குடுங்க, வாயில வெச்சுக்கிறேன்."

டாக்மார் இரண்டு உறுப்பினர்களை விட்டுத் தொட்டிகளையும் வேனையும் சலிக்கச் சொன்னாள். கட்டைக்கு அடையாளம் கிடையாது, சக்கரத்துக்கு உண்டு. வேனில் அழுக்குக் காலுறையும் மிட்டாய்ப் பொட்டலங்களும் கிடைத்தன. சிவப்புச் சக்கரம் ஒன்றுகூட இல்லை.

அப்போது ரந்தி உள்ளே வந்தாள். நல்ல நீலக் கோட்டு போட்டிருந்தாள். பின்னால் ஈவர். வாசலிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் அழவில்லை. நேராக மையநிலையத்துக்குப் போய், மூடியைத் தூக்கி, தண்டவாளத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்மார் அவளை அழைத்துப்போய் எடெலின் மேசையருகே உட்காரவைத்தாள். மூன்று கோப்பையில் காபி வந்தது. ஒருவரும் தொடவில்லை.

"இந்நேரம் துண்டு துண்டா போயிருக்கும் இல்ல?" என்றாள் ரந்தி.

"துண்டாகியிருக்காது," என்றான் ஈவர் சட்டென்று.

"எப்படிச் சொல்ற?" டாக்மார் கேட்டாள்.

ஈவர் கோப்பையைப் பார்த்தான். "சும்மா... மனசுக்குத் தோணுச்சு."

துறைமுகத்தில் படகு பழுது பார்ப்பவன் ஈவர். ஓட்டை விழுந்த மீன்படகை அடைக்கும் பிசினின் வாடை ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவன் மேல் இருக்கும். எப்போதும் இப்படித்தான், குறைவாகப் பேசுவான். இப்போது அதிலும் பாதி.

"அந்த இன்ஜினை நான் விரலால தொட்டதுகூட இல்ல, டாக்மார்," என்றாள் ரந்தி. "வசந்தகாலம் முழுக்க அவன் அறைக் கதவையே திறக்கலை. அப்புறம் திறந்தப்பவும் தூசி தட்டலை. கடைசியா அவன் விரல் அழுத்தினபடியே இருக்கட்டும்னு. ஒவ்வொரு கட்டைக்கு மேலயும் குமிழ் இருக்கும் பாரு, அந்தக் குமிழ் மேல கம்பெனி பேர் பொடி எழுத்துல இருக்கும். அத்தனை எழுத்தும் ஒரே பக்கம் பார்க்கணும் அவனுக்கு. உள்ள மறைஞ்சுடப்போற குமிழ்கூட. 'யாருடா பார்க்கப்போறா?'ன்னு கேட்டேன். 'பிரிக்கிறவங்க பார்ப்பாங்கம்மா'ன்னான்." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "கை நடுங்கும். ஒரு கட்டை வைக்க அவ்வளவு நேரம் ஆகும். கோணலாயிட்டா எடுத்துட்டு மறுபடி வைப்பான்."

ஈவர் எழுந்து வெளியே போய்விட்டான்.

கண்காட்சியைத் திறந்தாக வேண்டியிருந்தது. வெளியே குடும்பங்கள் குடையோடு வரிசையில் நின்றன. கட்டை ரயில் கழகங்களின் தேசியக் கூட்டமைப்பிலிருந்து இரண்டு நடுவர்கள் வேறு வந்திருந்தார்கள். கோட்டு பாக்கெட்டில் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடியோடு. எந்த ரயிலாக இருந்தாலும் முதலில் கூரையைக் கழற்றி உள்ளே பார்ப்பது அவர்கள் வழக்கம். தோர்கில்ட் விசில் ஊதினார். ரயில்கள் கிளம்பின.

டாக்மார் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியைக் கையில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பயணிகள் ரயில் துறைமுகத்தைத் தாண்டி, பண்ணையைச் சுற்றி, மலையடிவாரம் வரை வந்து நின்றது. கழகச் செயலாளர் ஓடிவந்து, ரயிலை இரண்டு கையாலும் தூக்கி, மலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கம் தண்டவாளத்தில் வைத்தார். அடுத்து சரக்கு ரயில். அதையும் பெட்டி பெட்டியாகத் தூக்கினார். அவருக்கு வியர்த்தது. ஐந்தாவது ரயிலுக்குப் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது?"

"சுரங்கம் துக்கத்துல இருக்கு," என்றார் செயலாளர், மூச்சு வாங்க. "தலைவர் உத்தரவு."

டாக்மார் ரொட்டியைக் கீழே வைத்தாள். சாவுக்குக் கொடியை இறக்குவார்கள். கடையைச் சாத்துவார்கள். மணி அடிப்பார்கள். சுரங்கத்தை மூடி அவள் கேள்விப்பட்டதே இல்லை.

பால்லே சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் பிரித்துக் கொட்டியிருப்பான். முழு இன்ஜினைக் கொண்டுபோய் ஒளித்துவைப்பது மடத்தனம். ஏன் ஒருவன் முழுசாக ஒளிக்க வேண்டும்? பிரிக்க மனம் வராததால். அல்லது பிரிக்க முடியாததால்.

நடுவர்கள் காபிக்குப் போனார்கள். அவர்களோடு தலைவரும் போனார். டாக்மார் ஷூ கயிறு கட்டுகிறவள் போல மலையடிவாரத்தில் குனிந்தாள். ரிப்பனை விலக்கி, தோள்வரை கையை விட்டாள். விரலில் புகைபோக்கி தட்டுப்பட்டது.

வெளிச்சம் படும் அளவுக்கு மட்டும் இழுத்துப் பார்த்தாள். ஓட்டுநர் அறையின் கூரையை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. விளிம்பில், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, தேன் நிறத்தில் ஒரு துளி உறைந்திருந்தது. முகர்ந்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குமிழ்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இன்ஜினைப் பழையபடி உள்ளே தள்ளிவிட்டு, ரிப்பனைச் சரிசெய்துவிட்டு, முழங்காலில் கைவைத்து எழுந்தாள். ஐம்பத்திரண்டு வயது முழுவதும் முழங்காலில் தெரிந்தது.

தோர்கில்டை ஓரமாகக் கூப்பிட்டாள். "தலைவரே, உங்ககூடத் தனியா கொஞ்சம் பேசணும்."

"தனியாவா?" நடுவர்கள் திரும்பிப் பார்ப்பதைத் தோர்கில்ட் கவனித்துவிட்டார். குரல் உயர்ந்தது. "இந்தக் கழகத்துக்கு ஒளிக்க எதுவுமில்லை! யாரு எடுத்ததுன்னு தெரிஞ்சா இங்கேயே, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க!"

"தனியா பேசுறது உங்களுக்கு நல்லது."

"நல்லது கெட்டது பார்க்கிறவன் இல்ல நான்! மேடைக்கு வாங்க!" விசில் ஊதிக் கூட்டத்தையே கூட்டிவிட்டார்.

டாக்மார் பெருமூச்சு விட்டாள். பெஞ்சில் ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"எடுத்தது நீங்கதான், தோர்கில்ட்."

எங்கோ ஒரு குட்டி ரயில் மட்டும் மலையடியில் முட்டி முட்டிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"காலையில எடெல் பார்த்துச் சொன்ன பத்து நிமிஷத்துல அவ்வளவு பெரிய பேச்சு பேசினீங்க. ஒரு திக்கல் இல்லை. ஒத்திகை இல்லாம உங்களுக்கு 'உப்பு குடுங்க'ன்னுகூட சொல்ல வராது. அப்ப ராத்திரியே ஒத்திகை பார்த்திருக்கீங்க. களவு போகப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரியும். அப்புறம் இந்தச் சுரங்கம். கொடியை அரைக்கம்பத்துல விட்டது சரி. சுரங்கத்துக்கு எதுக்கு ரிப்பன்? உள்ள வண்டி நிக்குது, இன்னொரு வண்டி போனா முட்டும். அதான்."

செயலாளர் இடுப்பைப் பிடித்தபடியே ரிப்பனை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு, கறுப்பு இன்ஜினை வெளியே எடுத்தார்.

பால்லேதான் முதலில் சிரித்தான். "முதுகெலும்பு கிடைச்சாச்சு தலைவரே!"

ரந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏன்?" அவ்வளவுதான் கேட்டாள்.

தோர்கில்ட் வாயைத் திறந்தார். ரந்தியைப் பார்த்தார். நடுவர்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், தொப்பி இல்லாமல் அவர் தலை சிறியதாக இருந்தது.

"பே... பேருக்காகத்தான். காணாம போயி... நானே கண்டுபிடிச்சுக் கு... குடுத்தா, பேப்பர்ல போடுவாங்கன்னு."

அது ஒத்திகை பார்க்காத பேச்சு. அதுவும் பொய்தான் என்று டாக்மாருக்குத் தெரிந்தது. கூட்டத்துக்குத் தெரியவில்லை. "சீ" என்றாள் எடெல். யாரோ ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"என் பிள்ளையோட கடைசி வேலையை வெச்சா விளம்பரம் தேடினீங்க?" ரந்தியின் குரல் உயரவில்லை. "சாவு வீட்டுக்கு மாலை வாங்கிட்டு வந்தீங்களே. அதுவும் இதுக்குத்தானா?"

தோர்கில்ட் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"அவரை விட்டுடு, ரந்தி."

கதவோரமிருந்து வந்தது குரல். ஈவர் மழையில் நனைந்திருந்தான்.

"அவர் பொய் சொல்றார். ஏன்னு எனக்குத் தெரியும். வண்டி ஒட்டியிருக்கு. பசை போட்டு. அதைப் பார்த்திருப்பார்."

நடுவர்களில் ஒருவர் தன்னையறியாமல் பதாகையைப் பார்த்தார்.

"அவன் ஒட்ட மாட்டான்," என்றாள் ரந்தி. "யெப்பெ செத்தாலும் ஒட்ட மாட்டான்." சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"நானும் அப்படித்தாங்க நினைச்சேன்." தோர்கில்ட் தரையைப் பார்த்துப் பேசினார். "நேத்து எல்லாரும் போனதும் ஓட்டுநர் சீட்டுல ஒரு பொம்மை வைக்கலாம்னு கூரையைத் திறக்கப் போனேன். அவன் ஜாடையில தேடித் தேடி வாங்கின பொம்மை. நீங்க விசையைத் திருப்பும்போது அவன் உள்ள உட்கார்ந்திருக்கணும்னு. கூரை வரலை. பையன் முடியாமப் போயி ஒட்டிட்டானோன்னு... நடுவர்கள் வந்து முதல்ல கூரையைத்தான் கழட்டுவாங்க. எல்லார் எதிரிலும், உங்க எதிரிலும், அவனை ஏமாத்துக்காரன்னு..." முடிக்கவில்லை.

"அவன் ஒட்டலை," என்றாள் டாக்மார். "நீங்க பசையைப் பார்த்தீங்க, குமிழைப் பார்க்கலை. எழுத்து நாலா பக்கமும் பார்க்குது. ஒரு வரிசைகூட ஒரே திசையில இல்லை. யெப்பெ கட்டினது இல்லை இது. எழுத்துன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாத ஒருத்தர் திரும்பக் கட்டியிருக்கார். மேல வீசுறது படகுப் பிசின்." ஈவரைப் பார்த்தாள். "இதைத் தனியா பேசி முடிக்கணும்னுதான் இருந்தேன்."

ஈவர் தலையாட்டினான். மேசைக்கு வந்து, இன்ஜினைத் தொடாமல், அதன் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டான்.

"நகராட்சி ஆளுங்க ஆஸ்பத்திரிக் கட்டிலைத் திரும்ப எடுக்க வந்தாங்களே, அன்னிக்கு நீ கல்லறைக்குப் போயிருந்தே. சீக்கிரம் அது வீட்டை விட்டுப் போனாப் போதும்னு நானும் பிடிச்சு இழுத்தேன். கட்டில் கால் இன்ஜின் இருந்த அலமாரியில இடிச்சது. தரையெல்லாம் கட்டை, ரந்தி. கட்டிலுக்கடியில எல்லாம் ஓடிடுச்சு. பொறுக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அவன் போன்ல எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். ஒரு பக்கம் சேர்த்தா மறுபக்கம் உதிருது. தூக்கினா உதிருது. எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதானே. உடைஞ்சா ஒட்டுவேன்."

"வசந்தகாலம் முழுக்க நீ கொட்டகையில கிடந்தது இதுக்கா?"

"ம்."

"என் முகத்தைப் பார்க்க முடியாமத்தான் நீ போறதா நினைச்சேன்."

"அதுவும்தான்," என்றான்.

மழை கூரையில் கேட்டது. ரந்தி குனிந்து, முதல்முறையாக இன்ஜின் மேல் விரலை வைத்தாள். ஒவ்வொரு குமிழாகத் தடவிக்கொண்டு போனாள், கண் தெரியாதவர்கள் முகத்தைத் தடவுவது போல.

"இதுல அவன் கை இல்லை அப்ப."

"கட்டை எல்லாம் அவனோடதுதான். ஒண்ணுகூடத் தொலைக்கலை."

"ஆனா அழுத்தினது நீ."

"ஆமா."

"எழுத்தெல்லாம் கோணலா இருக்கு, ஈவர்."

"எழுத்து இருக்கிறதே எனக்குத் தெரியாது. யாரும் சொல்லலை."

"அவன் சொன்னான். சாப்பிடும்போதெல்லாம் சொன்னான். நீ கேக்கலை."

ஈவர் குனிந்து ஒரு குமிழின் மேல் எழுத்தைத் தேடினான். டாக்மாருக்குப் பார்க்க முடியவில்லை. பால்லேயின் தொட்டிகளைப் பார்த்தாள். பால்லேயும் தலைகுனிந்து கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைக்க அதில் ஒன்றுமில்லாவிட்டாலும்.

ரந்தி கண்ணைத் துடைக்கவில்லை. இன்ஜினைத் தூக்கினாள். உதிரவில்லை. மையநிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் பொருத்த முயன்றாள். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கியது. ஈவர் பக்கத்தில் வந்து மறுமுனையைப் பிடித்தான். அவள் விலகவில்லை, அவனைப் பார்க்கவும் இல்லை. இருவருமாக வைத்தார்கள்.

பூதக்கண்ணாடி நடுவர் தொண்டையைச் செருமினார். "விதிப்படி பார்த்தா, பசை போட்ட வண்டியைக் கழகத் தண்டவாளத்துல..."

தோர்கில்ட் தொப்பியை மாட்டிக்கொண்டார். விசிலை எடுத்து, தன் வாழ்நாளிலேயே மிக நீளமாக ஊதினார். நடுவரின் மிச்ச வாக்கியம் அதில் அமுங்கிப்போனது.

ரந்தி விசையைத் திருப்பினாள்.

கறுப்பு இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பியது. கரி வண்டி முன்னாலும் புகைபோக்கி பின்னாலுமாக, அரைக்கம்பக் கொடிகளைக் கடந்து, அது பின்னோக்கி ஓடியது. ஈவர் மோட்டாரைத் திருப்பி மாட்டியிருந்தான். அதையும் ஒட்டியிருந்தான்.